பிரைஸ் யங் தேறுவாரா? – கேள்வி பதில்

அமெரிக்க ஃபுட்பால் (என்.எஃப்.எல்.) அணியான கரோலினா பேந்தர்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், பிரைஸ் யங். அவரைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் கோபம்தான். அவர் அணிக்கு வந்த நாளிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: 2023 டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) முதல் ஆளாக எடுத்தார்கள். முதல் சீசனில் அணிக்கு 2 வெற்றி, 15 தோல்வி. இதற்குத்தானா அவ்வளவு ஆர்ப்பாட்டம்?

டிராஃப்ட்டில் முதல் இடம் வழக்கமாகக் கடைசியாக வந்த அணிக்குப் போகும். அந்த வருடம் அது சிகாகோ பேர்ஸ் கையில் இருந்தது. கரோலினா அதை விலை கொடுத்து வாங்கியது. என்ன விலை? அந்த வருடத்தின் 9, 61-வது இடங்கள், 2024-ன் முதல் சுற்று, 2025-ன் இரண்டாம் சுற்று, போதாததற்கு டி.ஜே. மூர். மூர்தான் அணியின் முதன்மை ரிசீவர். எறிகிறவரைக் கொண்டுவருவதற்காகப் பிடிக்கிறவரைக் கொடுத்துவிட்டார்கள்!

ரசிகர்களின் எதிர்பார்ப்பு அந்த விலையிலிருந்து வந்தது. ஆனால் விலை பேசியது நிர்வாகம், 21 வயதுப் பையன் இல்லை. பந்தை எறியும் முன்பே அவரை 62 முறை கீழே தள்ளினார்கள். 11 ஆட்டம் முடிந்ததும் தலைமைக் கோச் ஃபிராங்க் ரைக்கையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அவரால் என்ன கற்றுக்கொண்டிருக்க முடியும்?

கேள்வி: அடுத்த ஆளாகப் போன குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ராட் ஹூஸ்டனில் கலக்கினாரே சார்?

கலக்கினார், மறுக்கவே மாட்டேன். ஸ்ட்ராட் எறிந்தது 4,108 யார்டு, 23 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), 5 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). யங் 2,877 யார்டு, 11 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். அந்த வருடம் இருவருக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் மறு வருடம் ஸ்ட்ராட்டை 52 முறை சாக் செய்தார்கள் (பந்தை எறியும் முன்பே கீழே தள்ளுவது), இன்டர்செப்ஷன் 12 ஆனது. கை அதே கைதான். முன்னால் நின்று காக்கும் ஐந்து பேரும் தடுமாறினால் யாருக்கும் இதுதான் கதி.

கேள்வி: உயரம் போதாது என்கிறார்களே?

5 அடி 10 அங்குலம். அளந்து பார்த்துத்தானே எடுத்தார்கள்? 2019-ல் முதல் இடத்தில் போன குவார்ட்டர்பேக் கைலர் மரேயும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

கேள்வி: 2024-ல் இரண்டே ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்தது சரியா அண்ணா? நல்லதுக்குத்தான் என்று என் நண்பன் சொல்கிறான்.

அந்த இரண்டு ஆட்டங்களும் 47-10, 26-3 என்று தோற்றவை. புதுக் கோச் டேவ் கனாலெஸுக்கு இருந்த நெருக்கடி புரிகிறது. ஆனாலும் செய்தி வந்த அன்று எனக்கு மனசு கேட்கவில்லை.

பின்னாளில் பெரிய பெயர் எடுத்த குவார்ட்டர்பேக்குகளையே பாருங்கள். ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் பிரெட் ஃபாவ்ரேக்குப் பின்னால் காத்திருந்தார். பேட்ரிக் மஹோம்ஸ் ஒரு வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால். அவர்கள் அடிபடுவதற்கு முன்பு உட்கார்ந்து கற்றவர்கள். யங்கை ஒரு வருடம் அடிபட விட்டு அதற்கப்புறம் உட்கார வைத்தார்கள். இரண்டும் ஒன்றாகுமா?

அக்டோபரில், யங்குக்குப் பதிலாக இறங்கிய ஆண்டி டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டை விரலில் அடிபட்டதால்தான் யங் திரும்ப வந்தார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தயங்காமல் எறிந்தார், தூரமாகவும் எறிந்தார். ஓரமாக நின்று பார்த்தது உதவியிருக்கலாம். என்னைக் கேட்டால், அந்த வருடம் புதிதாகச் சேர்த்த இரண்டு கார்டுகள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்கள்) ராபர்ட் ஹன்ட்டும் டேமியன் லூயிஸும் செய்த உதவிதான் பெரிது.

கேள்வி: கரோலினா கொடுத்த அந்த 2024 முதல் சுற்று என்ன ஆனது?

கரோலினா கடைசியாக வந்ததால் அதுவே முதல் இடமாகிவிட்டது. அதை வைத்து சிகாகோ குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. அங்கும் இதே கதைதான். முதல் சீசனில் 68 சாக், தொடர்ந்து 10 தோல்வி, நடுவிலேயே கோச் நீக்கம்.

கேள்வி: டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன் கூச்சல் போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம். யாரை நோக்கி என்பதுதான் என் கேள்வி. 2023 கடைசி நாளில் ஜாக்சன்வில்லில் அணி உரிமையாளர் டேவிட் டெப்பரே ரசிகர்கள் மீது பானத்தை வீசி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். அவராலேயே பொறுக்க முடியாத தோல்விகளை அந்தப் பையன் வாரா வாரம் மைக் முன்னால் நின்று தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டிருந்தார்.

கேள்வி: ஸ்கோரை விட்டால் வேறு எதைப் பார்த்து ஒரு இளம் குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது?

மூன்றாவது டவுனைப் பாருங்கள், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதை. முதல் ரிசீவர் மறிக்கப்பட்டதும் கண் அடுத்த ஆளுக்குப் போகிறதா, இல்லை கால் ஓடத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். 2023-ல் யங்கின் கண் பெரும்பாலும் தன்மேல் பாய வருகிறவர்கள் மேல்தான் இருந்தது. 2025 நவம்பரில் அட்லான்டாவில் 448 யார்டு எறிந்து அணியின் சாதனையையே முறியடித்தபோது அந்தப் பயம் இல்லை. அந்த சீசனில் சுமாரான ஆட்டங்களும் நிறைய உண்டு. 8 வெற்றி, 9 தோல்வியோடுதான் பிரிவில் முதலிடம் வந்தார்கள். முழுதாகத் தேறிவிட்டார் என்று இன்னும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பேந்தர்ஸின் ஊரான சார்லட்டில் இருக்கிறோம். என் மகன் யங் ஜெர்ஸி போட்டுக்கொண்டு போனால் பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

அம்மா, ஜெர்ஸியைக் கழற்றச் சொல்லாதீர்கள். 2024 சீசனின் கடைசி ஆட்டத்தை, 2025 ஜனவரியில் அட்லான்டாவோடு கூடுதல் நேரத்தில் 44-38 என்று ஜெயித்ததை, அவனோடு உட்கார்ந்து பாருங்கள். சில மாதம் முன்பு பெஞ்சில் இருந்தவர் அன்றைக்கு மூன்று டச்டவுன் எறிந்தார், இரண்டு ஓடி எடுத்தார்.