முகக்கவசத்துக்கு முன்னால் அறையின் காற்று

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையின் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) அறையில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அது ஏசி பொருத்திய சிறிய அறை. ஜன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும். ஒருவருக்குப் பரிசோதனை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுகிறோம். எங்களுக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்தான் தருகிறார்கள். சென்ற மாதம் உடன் பணியாற்றும் தோழிக்குக் காசநோய் உறுதியாயிற்று. என்னை எப்படிக் காத்துக்கொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. மூச்சுக்குழாய்க்குள் கருவி நுழையும்போது நோயாளி அடக்க முடியாமல் இருமுவார். அப்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை மேசையிலும் தரையிலும் விழுந்துவிட, மிகச் சிறியவை நீர் வற்றி, காசநோய்க் கிருமியைச் சுமந்தபடி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கின்றன. மேசையைத் துடைப்பதால் அவை போய்விடுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலியும் அவருடைய குழுவினரும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகள் இருந்த கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். எந்த நோயாளியின் அருகிலும் செல்லாத அந்த விலங்குகளுக்குக் காற்றின் வழியாக மட்டுமே நோய் தொற்றியது; அதே காற்றின்மீது புறஊதாக் கதிரைச் செலுத்தி அனுப்பியபோது தொற்றவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் அறையின் காற்று மணிக்கு எத்தனை முறை முழுவதுமாக மாறுகிறது என்பதே. இத்தகைய அறைகளுக்கு 12 முறை என்பது அளவு. அந்த அளவு இருந்தால் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 23 நிமிடங்கள் போதும். 6 முறை என்றால் 46 நிமிடங்கள். இரண்டே முறை என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. குளிர்ச்சியாக இருப்பதாலேயே காற்று தூய்மையாக இருப்பதாக நாம் எண்ணிவிடுகிறோம்; இந்த எண்ணம் எத்தனையோ செவிலியரை நோயில் தள்ளியிருக்கிறது என்பதே என் வருத்தம்.

பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்த அறைகளில் காற்று சராசரியாக மணிக்கு 28 முறை மாறியது என்றும், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட 1950க்கு முந்தைய கட்டடங்கள் புதியவற்றைவிட மேலானவை என்றும் அது காட்டியது. உங்கள் அறையில் ஜன்னலைத் திறக்க வழியில்லையென்றால், காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறியை, மக்கள் அமரும் வராந்தாவை நோக்கி அல்லாமல் ஆள் நடமாட்டமில்லாத பக்கம் பொருத்தச் சொல்லுங்கள். காசநோய் சந்தேகம் உள்ளவரை அன்றைய பட்டியலில் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். சளி மாதிரியைத் திறந்தவெளியில் சேகரிப்பதே நல்லது.

முகக்கவசம் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. சர்ஜிக்கல் மாஸ்க் நோயாளியின் வாயிலிருந்து வெளிவருவதைத் தடுக்க உதவும். கன்னத்தின் ஓரங்களில் இடைவெளி இருப்பதால் நீங்கள் உள்ளிழுக்கும் காற்றை அது வடிகட்டாது. உங்களுக்குத் தேவை என்95. ஆனால் அதுவும் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பயன் தரும். அணிந்தபின் சாக்கரின் கலந்த நுண்தூவலைத் தெளித்து, நாவில் இனிப்புத் தெரிகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. இனிப்புத் தெரிந்தால் கசிகிறது என்று பொருள், வேறு அளவை மாற்றிப் பார்க்க வேண்டும். இதை உங்கள் நிர்வாகத்திடம் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேளுங்கள். உங்களுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், வேலைப்பளுவைக் காரணம் காட்டாமல் அன்றே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வென்டிலேட்டர் குழாய் செலுத்தும்போது நோயாளியின் தலையை மூடுவதற்கென்று கோவிட் காலத்தில் வாங்கிய அக்ரிலிக் பெட்டிகள் எங்கள் ஐசியூவில் கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?
– மயக்கவியல் உதவியாளர், மதுரை

பதில்: வேண்டாம். 2020 மார்ச்சில் தைவான் மருத்துவர் லாய் சியென்-யுங் நல்ல நோக்கத்தோடு அந்தப் பெட்டியை வடிவமைத்து உலகுக்கு இலவசமாக அளித்தார். ஆனால் துளைகளின் வழியே கையை நுழைத்து வேலை செய்வதால் குழாய் செலுத்தத் தாமதமாகிறது என்றும், நோயாளி இருமும்போது உள்ளே சேரும் துகள்கள் துளைகள் வழியாக மருத்துவரின் முகத்தை நோக்கியே வெளிவரக்கூடும் என்றும் பின்னர் தெரியவந்தது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதியில்லாத இத்தகைய பெட்டிகளுக்குத் தந்த அவசர அனுமதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக, அனுபவம் மிக்கவரே குழாயைச் செலுத்தட்டும்; தசைத்தளர்வு மருந்து முழுமையாக வேலை செய்து இருமல் அடங்கும்வரை பொறுத்திருங்கள்; அந்தச் சில நிமிடங்களுக்குத் தேவையில்லாத எவரும் அறைக்குள் நிற்க வேண்டாம்.