ஃபயர் வண்டியில் தண்ணீர் எத்தனை நிமிடம் வரும்?

சிறு நகரத் தீயணைப்பு நிலையங்களின் வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த வேலையை நன்கு அறிந்தவர்களின் பதில்கள்.

கே: எங்கள் தெருவில் கூரை வீடு பற்றி எரிந்தபோது வந்த வண்டி, பத்து நிமிடத்தில் ‘தண்ணி தீர்ந்துபோச்சு’ என்று கிளம்பிவிட்டது. பாதித் தொட்டியோடு வந்தார்களா? – ஒரு வாசகர்

முழுத் தொட்டியோடு வந்தாலும் அப்படித்தான் ஆகும். கணக்கைப் பாருங்கள். நம் ஊர் நிலையங்களில் நிற்கும் பெரிய வண்டியில் பெரும்பாலும் 4,500 லிட்டர் பிடிக்கும். 20 மி.மீ. வாயுள்ள நாசிலில் 4 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 530 லிட்டர் பாயும். எட்டரை நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டு பக்கம் ஹோஸ் பிடித்தால் அதிலும் பாதி நேரம்தான்.

இதில் ஹோஸ் குடிக்கும் தண்ணீர் வேறு. ஒரு ஹோஸ் 15 மீட்டர் நீளம், 63 மி.மீ. விட்டம். நிரம்பினால் அதற்குள்ளேயே 47 லிட்டர் நின்றுவிடும். சந்து குறுகல், வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது, வீடு 150 மீட்டர் உள்ளே என்று வையுங்கள். பத்து ஹோஸ் பூட்ட வேண்டும். நெருப்பில் முதல் சொட்டு விழுமுன்பே 470 லிட்டர் போயிற்று. சந்து வாயில் நிறுத்திய ஒரு கார் இந்தக் கணக்கை எப்படிக் கெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் விவரம் தெரிந்த குழு, முக்கால்வாசி எரிந்துவிட்ட கூரையில் தண்ணீரைக் கொட்டாது. பக்கத்துக் கூரையை நனைக்கும். நடுவில் இருக்கும் கீற்றைக் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளும். ‘எரியுற வீட்ட விட்டுட்டு எரியாத வீட்டுக்கு அடிக்கிறாங்களே’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வீரர்கள் சரியாகத்தான் அடிக்கிறார்கள்.

தொட்டி தீர்ந்தால் குளமோ கிணறோதான். ஆனால் பம்ப் எவ்வளவு பெரிதானாலும், நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை அதனால் உறிஞ்சி மேலே கொண்டுவர முடியாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கணக்குப்படியே அது பத்து மீட்டரைத் தாண்டாது. சித்திரை மாதத்துக் கிணறு இதற்கு உதவாது. உறிஞ்சு குழாயின் இணைப்பில் ஒரு வாஷர் தேய்ந்திருந்தாலும் காற்று புகுந்து, பம்ப் இரையுமே தவிரத் தண்ணீர் ஏறாது. நுனியில் உள்ள சல்லடை குறைந்தது ஒன்றரை அடியாவது மூழ்க வேண்டும்; மேலாக விட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும், சேற்றில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, கரை எங்கே கெட்டியாக இருக்கிறது என்று காட்டுவது. வண்டியில் தண்ணீர் மட்டுமே நாலரை டன். நனைந்த வரப்பில் ஏற்றினால் வண்டியைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும். அடுத்த உதவி, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை ஓடவிட்டு வைப்பது.

கே: 101-க்கு அழைத்தால் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்? முதலில் கிளம்ப வேண்டாமா? – வாசகி, சாத்தூர்

இடம் தெரிந்ததும் மணி அடித்துவிடுவார்கள். மீதிக் கேள்விகள், என்னென்ன எடுத்துப் போவது என்று முடிவு செய்ய. ஆகவே முதல் வாக்கியத்தில் இடத்தைச் சொல்லுங்கள்: ஊர், தெரு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். ‘பிள்ளையார் கோயில் பக்கம்’ என்றால் எந்தப் பிள்ளையார் என்றும் சொல்லுங்கள். ஒரே ஊரில் ஏழு இருக்கும். பிறகு என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, சிலிண்டர் இருக்கிறதா, வண்டி நுழையுமா, பக்கத்தில் தண்ணீர் உண்டா. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். ஒருவர் மெயின் ரோட்டுக்கு வந்து நிற்கட்டும், இரவானால் டார்ச்சோடு.

உங்கள் ஊர் நிலையத்தின் நேரடி எண்ணையும் செல்போனில் பதிந்து வையுங்கள். 112-லும் அழைக்கலாம். மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கும் சொல்ல வேண்டும். மின்சாரம் ஓடும் கம்பிமேல் தண்ணீர் பீய்ச்சினால் மின்சாரம் அந்த நீர்த்தாரை வழியாகவே நாசில் பிடித்தவருக்கு வரக்கூடும். ஹோஸோடு அவர்கள் சும்மா நிற்பதாகத் தோன்றும் அந்த இரண்டு நிமிடம் பெரும்பாலும் லைன் அணைக்கக் காத்திருக்கும் நேரம்.

கே: யாரும் தீ வைக்காமல் வைக்கோல் போர் தானாக எரியுமா? தண்ணீர் அடித்த பிறகும் அதைக் கலைத்து ஏன் நாசமாக்குகிறார்கள்? – வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

எரியும். ஈரம் காயாத வைக்கோலை அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு ஏறும். அறுபது எழுபது டிகிரியில் அவை செத்துவிடும். ஆனால் அதற்குள் வைக்கோலே காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறத் தொடங்கியிருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாத நடுப்பகுதியில் நாள் கணக்கில் கனன்று, ஒரு காற்று நாளில் வெளியே பிடித்துக்கொள்ளும்.

போர் போட்ட முதல் சில வாரங்கள் கவனமாக இருங்கள். காலையில் உச்சியில் ஆவி எழுந்தாலோ, கருகிய வெல்லம் போல வாடை வந்தாலோ, கடப்பாரையை நடுவரை செருகி அரைமணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். நுனியைக் கையில் பிடிக்க முடியாவிட்டால் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நீங்களே பிரிக்க இறங்காதீர்கள். பிரித்த இடத்தில் காற்றுப் பட்டதும் குபீரென்று பிடிக்கும். தண்ணீர் தயாராக இருக்கும்போதுதான் கை வைக்க வேண்டும். மேலே ஏறுவதும் கூடாது, உள்ளே வெந்து குழியாகியிருக்கும்.

கலைப்பதற்குக் காரணம் நீங்கள் போர் போட்ட திறமைதான். மழை இறங்காதபடி கூரை மாதிரி சரித்து அடுக்கியிருக்கிறீர்கள். மழைக்கு வழிவிடாத போர் ஹோஸ் தண்ணீருக்கு மட்டும் விடுமா? ஐயாயிரம் லிட்டர் அடித்தாலும் வெளிப்புறமாக வழிந்துபோகும், உள்ளே கனல் அப்படியே இருக்கும். கொக்கியாலோ ஜேசிபியாலோ பிரித்து, முழங்கால் உயரத்துக்குப் பரப்பி நனைத்தால்தான் அணையும். தண்ணீரில் கொஞ்சம் நுரைக் கரைசல் கலந்தால் நன்றாக ஊறும். வண்டி போன பிறகும் மறுநாள்வரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘அணைஞ்சுது’ என்று கையெழுத்துப் போட்ட போர், அதே இரவில் மீண்டும் எரிவது சாதாரணம்.

இன்னொன்று: வைக்கோல் ஏற்றிய வண்டி தாழ்ந்த மின்கம்பியில் உரசிப் பற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. பாரம் ஏற்றியபின் உயரத்தைக் கம்போடு அளந்துவிட்டு, வழியில் உள்ள தாழ்ந்த கம்பியை நினைவில் வைத்துக் கிளம்புங்கள். பற்றிக்கொண்டால், கை எட்ட நேரமும் இருந்தால், டிராக்டரோடு பெட்டியை இணைக்கும் பின்னைக் கழற்றிவிடலாம், டிராக்டராவது மிஞ்சும்.

கே: ஏப்ரல் 14-ல் தீயணைப்புத் துறையினர் அஞ்சலி செலுத்துவது ஏன்? – மாணவி, காரைக்குடி

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அந்தக் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் சேர்ந்தே இருந்தன. 900 டன்னுக்கும் மேல் தண்ணீரைக் கொட்டியும் பஞ்சுக்குள் கனலும் இடத்தை எட்ட முடியவில்லை. மேலே சொன்ன வைக்கோல் போரின் பெரிய அண்ணன் அது.

கே: கடையில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை அழுத்தினேன். ‘உஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா? – ஒரு கடைக்காரர்

இருக்கலாம், ஆனால் முதலில் வேறு நான்கைப் பாருங்கள். ஒன்று, யாராவது ‘வேலை செய்யுதா’ என்று ஒரு முறை அழுத்திப் பார்த்திருப்பார்கள். வால்வு அமரும் இடத்தில் பவுடர் துகள் ஒட்டி, அது சரியாக மூடாமல் சில நாளில் அழுத்தம் முழுக்கக் கசிந்துவிடும். அரை விநாடி அழுத்தினாலும் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். இரண்டு, பல மாதம் நின்ற இடத்திலேயே நின்று பவுடர் அடியில் இறுகியிருக்கும். கேஸ் மட்டும் மேலே தப்பிவிடும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்தால் மணல் சரிவதுபோல உள்ளே சரிவது கையில் தெரியும். மூன்று, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இல்லை. நான்கு, ஹோஸ் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சிரிக்காதீர்கள், மாதாந்திரச் சோதனையில் ஒரு குச்சி விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள் இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். அடிக்கும்போது அதன் கூம்பு வாயைக் கையால் பிடித்தால் குளிரில் தோல் உரியும்.

6 கிலோ பவுடர் 15, 20 விநாடிக்குமேல் வராது. வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, சுவாலையை அல்ல, அது கிளம்பும் அடியைப் பார்த்துப் பக்கவாட்டில் வீசுங்கள். தீர்ந்தும் எரிந்தால் வெளியே ஓடிவிடுங்கள்.

கே: கேஸ் வாடை வந்தால் முதலில் என்ன? – இல்லத்தரசி, விருதுநகர்

எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, கயிற்றில் தொங்கும் அந்த வெள்ளை மூடியைப் பூட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும்; ஆகவே ஜன்னல் மட்டும் போதாது, வாசல் கதவையும் விரியத் திறக்க வேண்டும். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணையுங்கள். பிறகு வெளியே போய், கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.

ரெகுலேட்டரில் தீப்பிடித்தால் சிலிண்டரைச் சாய்க்கக் கூடாது. நின்றால் ஆவி வரும், சாய்ந்தால் திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாகும். நன்றாக நனைத்த சாக்கை உங்கள் கையை மறைத்தபடி முன்னாலிருந்து போர்த்தி, அணைந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். மூட முடியாதென்றால் அணைக்காமல் விடுவதே மேல். அணைந்தும் கசியும் கேஸ், எரியும் கேஸைவிட மோசம்.

கே: கிணற்றில் மயங்கிக் கிடப்பவரைக் கண்ணெதிரே விட்டுவிட்டு, வீரர்கள் மாஸ்க் மாட்டிக்கொண்டு நேரம் கடத்துவது சரியா? – ஒரு வாசகர்

சரி. கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இரண்டாவது, மூன்றாவது உடல் காப்பாற்ற இறங்கியவருடையதாகவே இருக்கும். கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே இல்லை. கழிவுத் தொட்டியின் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை போய்விட்டதென்று தோன்றும். விளக்கை இறக்கிப் பார்ப்பது இரண்டையும் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

முதுகில் மாட்டும் சிலிண்டர் 6.8 லிட்டர், 300 பார். அதாவது சுமார் 2,000 லிட்டர் காற்று. உழைக்கும் ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் ஐம்பது நிமிடம், அதில் கடைசிப் பத்து நிமிடம் விசில் ஊதும் எச்சரிக்கைக்கானது. மாட்டி, முகமூடியில் கசிவு பார்த்து, இடுப்பில் கயிறு கட்ட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் செய்யக்கூடியது, மேலே கூட்டத்தை விலக்குவதும், விழுந்தவருக்கு நினைவிருந்தால் கண்ணி போட்ட கயிற்றை இறக்குவதும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம்.

கே: வீட்டுக்குள் பாம்பு. 101-க்குச் சொல்லலாமா? – வாசகி, பழனி

சொல்லலாம். வரும்வரை அது நுழைந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருங்கள். பாதி நேரம் வீணாவது ‘இங்கதான் சார் இருந்துச்சு’ என்பதில்தான்.