உழைத்தால் யார் வேண்டுமானாலும் மேலே வரலாம் என்பது உண்மையா? அப்படியென்றால் ஏழைகளே ஏன் கட்சி கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள்?

"மேலே வந்தவன்" என்று ஊரார் கைகாட்டும் ஆட்களில் நானும் ஒருத்தன், அதனால் எழுதுகிறேன். பிறந்தது மும்பை தாராவி, படித்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. இப்போது முலுண்டில் சொந்த பிளாட், ஆடிட்டர் ஆபீசில் வேலை. சங்க விழாவில் மைக்கைக் கொடுத்தால், "அப்பா விடிகாலை மூணு மணிக்கு இட்லி அவித்தார், நான் தெருவிளக்கில் படித்தேன்" என்று ஆரம்பிப்பேன். தெருவிளக்கு பொய். எங்கள் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், கரண்ட் இருந்தது. கைதட்டலுக்காகச் சேர்த்தது.

இட்லி நிஜம். சைக்கிள் கேரியரில் அலுமினிய டேக்சா, ஹேண்டிலில் ரப்பர் ஹாரன். ஏழு மணிக்குள் மாட்டுங்காவில் இரண்டு தெரு முடித்திருப்பார். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ரயில் தண்டவாளம்தான். அந்தப் பக்கமும் தமிழர்கள்தான், ஆனாலும் அப்பாவுக்கு வாசலோடு சரி.

என்னைப் படிக்கவைத்தது ஒரு அட்டை. 1976-ல் அரசாங்கம் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடியிருப்புக்கு அத்தாட்சியாக போட்டோ பாஸ் கொடுத்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து அப்பா 1973-லேயே வந்துவிட்டதால் எங்களுக்குக் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் 1994-ல், நான் பத்தாவது முடித்ததும், கோலிக்கு மேலே தகரத்தில் ஒரு மாடி எழுப்பி ஹெவி டெபாசிட்டுக்கு விட்டார். நம்ம ஊர் ஒத்தி மாதிரிதான்: மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைப்பது, காலி பண்ணும்போது தொகையைத் திருப்புவது. முப்பதாயிரம் ரூபாய். என் காலேஜ் பீஸ் அதிலிருந்துதான் போனது.

அந்த முப்பதாயிரத்தைக் கொடுத்து மாடிக்குக் குடிவந்தது தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர். அவர் மகன் என் வகுப்புதான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன், வட்டியை மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்வான். சேமிப்பு மொத்தமும் எங்கள் மாடியில் முடங்கிவிட்டதால் அவன் பத்தாவதோடு பை தைக்கப் போனான். இன்றைக்கும் தினம் பன்னிரண்டு மணி நேரம் மெஷினில்தான் இருக்கிறான். உழைப்பைத் தராசில் வைத்தால் அவன் தட்டுதான் இறங்கும்.

இந்தியாவில் அடித்தட்டுக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்தைத் தொட ஏழு தலைமுறை ஆகும், டென்மார்க்கில் இரண்டே தலைமுறை என்று, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2018-ல் கணக்குப் போட்டது. 2022-23-ல் நாட்டின் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தாரிடம் இருந்தது. இந்த நிலையிலும் என்னைப் போல ஒன்றிரண்டு பேர் தாண்டத்தான் செய்வோம். மைக் எங்களிடம்தான் வரும்.

இனி அடித்துக்கொள்வது. 1966-ல் சிவசேனை தொடங்கி, லுங்கிக்காரனை விரட்டு என்று கோஷம் போட்டது எங்களைப் பார்த்துத்தான். அப்பாவின் தலைமுறைக்கு அது மறக்காது. 2008-ல் அதிலிருந்து பிரிந்துபோன ராஜ் தாக்கரேயின் கட்சி வட இந்தியத் தொழிலாளிகளை அடித்தபோது, "பய்யாக்களுக்குத்தானே, நமக்கென்ன" என்று எங்கள் சந்துத் தமிழர்கள் சிலரே சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தச் சந்தில் கட்சி பார்க்காமல் எல்லாரும் கூடியது எனக்குத் தெரிந்து இரண்டு விஷயத்துக்குத்தான்: குழாயில் தண்ணீர் வராத நாள், கக்கூஸ் அடைத்த நாள்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்பு வந்திருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டி வாங்கும் வீடு. ஒரே ஏணியில் ஏறி இறங்கியவர்கள் இன்று தரைக்காரன், மாடிக்காரன் என்று இரண்டு கட்சி. கீழே இருப்பவர்களுக்கு வேலை சீக்கிரம் நடக்க வேண்டும், மேலே இருப்பவர்களுக்கு நடக்கவே கூடாது. இதில் யார் வில்லன்? அந்தக் கோட்டைப் போட்டவர்கள் சந்தில் குடியிருப்பவர்கள் இல்லையே.

போன மாதம் அப்பாவின் கோப்பைத் தேடப் போயிருந்தேன். மாடியில் இருக்கும் அந்தப் பை தைக்கும் நண்பன் ஏணியில் பாதி இறங்கி நின்று, "டெபாசிட் பத்திரம் உங்ககிட்ட இருக்காடா?" என்றான். அவன் ஆதாரில் கீழ்க்கோலி நம்பர்தான் இருக்கிறது. மாடியில் இத்தனை வருடம் குடியிருந்ததற்கு அந்த ஸ்டாம்ப் பேப்பர் ஒன்றுதான் சாட்சி. டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்தது, மடிப்பில் கிழிந்து.

சித்தப்பா என் கையைப் பிடித்து, "கொடுக்காத. நாளைக்குக் கோலியிலயே பங்கு கேப்பான்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பயம் வந்தது. முலுண்டில் பிளாட் வைத்துக்கொண்டு.

அப்பா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "கேக்கட்டும்ல. அவங்கப்பன் கொடுத்த முப்பதாயிரம் இன்னும் நம்மகிட்டதான கெடக்கு."

ஜெராக்ஸ் கடைக்கு நானும் நண்பனும் சேர்ந்தே போனோம். ஆறு காப்பி எடுத்தோம். காசு அவன்தான் கொடுத்தான், என்னிடம் சில்லறை இல்லை.