வாழ்க்கையின் நோக்கம் என்றால் என்ன? அதன்படி வாழ்வது எப்படி?

என் நேரமும் உழைப்பும் யாருக்கு, எதற்குப் பயன்பட வேண்டும் என்று நாமே தேர்ந்துகொள்ளும் பதில்தான் நோக்கம். பட்டம், பதவி, வீடு எல்லாம் இலக்குகள். கிடைத்ததும் முடிந்துவிடும். நோக்கம் அப்படி முடிவதில்லை.

அது ஏன் தேவை? ஒரு நாளில் செய்யக்கூடியவை ஏராளம், நேரமோ கொஞ்சம். என்ன குழம்பு என்று முடிவு செய்யாமல் சந்தைக்குப் போனால், கண்ணில் பட்டதெல்லாம் பைக்குள் ஏறும். அடுப்பு மூட்டும்போது புளி இருக்காது. நோக்கம் தெரிந்தவருக்கு எதை வேண்டாமென்று சொல்வது என்பதும் தெரியும்.

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பாருங்கள். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அவர் நோக்கம். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் தரும் கட்டணத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதியில் எட்டாத விலையாக இருந்ததால், 1992-ல் அதையும் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு நோக்கத்திலிருந்தே வந்தது; எனக்கு மலைப்பு அங்கேதான்.

உங்களுக்கு இவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. போன வாரம் நேரம் எங்கே போனது என்று எழுதிப் பாருங்கள். எதைச் செய்தபோது அலுப்பே தெரியவில்லை, அதனால் யாருக்கு நன்மை? அங்கிருந்து தொடங்கலாம்.

இளமையிலேயே நோக்கம் பளிச்சென்று தெரிந்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெங்கடசாமி முதலில் ஆக விரும்பியது மகப்பேறு மருத்துவராக, முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகுதான் கண் மருத்துவத்துக்கு வந்தார்.