நவம்பர்ல டெம்ப்ஸ்டர் ஹைவேயா? தேதிய மாத்துங்க
ப்ரோ, நவம்பர்ல கனடாவுல டாசன் சிட்டில இருந்து டெம்ப்ஸ்டர் ஹைவே வழியா இனுவிக் வரைக்கும் வாடகை கார்ல போலாமா, குளிர் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. குளிர விடுங்க, பிரச்சனையே வழில குறுக்க ஓடுற ரெண்டு நதிங்கதான். பீல், மெக்கன்சி ரெண்டுக்கும் பாலம் கிடையாது, கோடைல ஃபெர்ரி, குளிர்காலத்துல உறைஞ்ச ஆத்து மேலயே ரோடு, நடுவுல ஐஸ் இறுகுற வரைக்கும் ரெண்டுமே இருக்காது, போய் மாட்டிக்குவீங்க. மார்ச்ல போங்க, பகலும் நீளம். ஹைவே ஆரம்பத்துல இருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரை 369 கிலோமீட்டருக்கு பெட்ரோல் பங்க்கே இல்ல, ஒரு கேன் கூடுதலா வச்சுக்கோங்க. கார் முன்னாடி கிரில்லுல குட்டியா ஒரு பிளக் தொங்குதான்னு பாருங்க, இஞ்சின சூடா வச்சிருக்கிற பிளாக் ஹீட்டரோடது, ராத்திரி அத கரண்ட்ல சொருகாம விட்டா மைனஸ் 40ல காலைல இஞ்சின் முனகக்கூட முனகாது. ஆமா, இந்த மாதிரி கிராவல் (ஜல்லி) ரோட்டுக்கு வண்டி தர்றாங்களான்னு வாடகை அக்ரிமென்ட்ல பாத்தீங்களா?