புள்ளத்தாச்சி கேத வீட்டுக்குப் போகலாமா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 28 வயது. மதுரையில் ஓர் இறையியல் கல்லூரியில் பி.டி. (ஆயர் ஆவதற்கான பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் குழந்தை, ஏழாம் மாதம் நடக்கிறது. கணவருக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். பழங்காநத்தத்தில் மாமியார் வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போய்வருகிறேன். பிறந்த ஊர் நாசரேத் பக்கம். யாரிடம் எதைச் சொன்னாலும் "இந்த நேரத்துல எதுக்கும்மா டென்ஷன்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் என் படிப்பை அவர் படிப்பாகவே நினைப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கிரேக்கப் பாடத்தைத் திறந்தால் வந்து லைட்டை அணைக்கிறார். முழங்கால் போட்டு ஜெபித்தால், "எந்திரி, வயித்துல அழுத்தும். கர்த்தர் உக்காந்து ஜெபிச்சாலும் கேப்பாரு" என்கிறார். நாங்கள் எஸ்.பி.ஜி. மிஷன் வழி வந்த ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபுக் குடும்பம். காலையும் மாலையும் ஜெபப்புத்தக ஒழுங்கின்படி ஜெபித்தே வளர்ந்தவள் நான். இவர்கள் 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் வழி. "புத்தகத்தப் பாத்து ஜெபிக்கிறதெல்லாம் மனசுல இருந்து வராது" என்று சாப்பிடும்போது சொல்வார். 1947-இல் எல்லாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டோம்; ஒரே வீட்டுக்குள் இன்னும் இந்தப் பேச்சு கேட்க வேண்டியிருக்கிறது. வளைகாப்புக்கு வேறு தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மாவும் ஊரிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப்போகக் காத்திருக்கிறார். பரீட்சை முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

கல்லூரியிலும் நிம்மதி இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் கால ஆராதனையில் சிற்றாலயத்தில் பிரசங்கிக்கும் முறை எனக்கு வந்திருக்கிறது. லூக்கா முதல் அதிகாரம், இயேசுவை வயிற்றில் சுமந்த மரியாளின் பாட்டு. "அக்கா, நீங்க பேசவே வேணாம், வந்து நின்னாலே போதும்" என்கிறான் வகுப்பில் ஒருவன். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் அந்தப் பகுதியைக் கிரேக்கத்தில் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். அதை யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவு குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பாத்துக்கலாம்" என்பதுதான் பதில்.

எல்லாவற்றையும்விட என்னை நோகடித்தது களப்பணியில் நடந்ததுதான். திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமச் சபைக்கு வாரக் கடைசியில் போவேன். பெரியாரில் பஸ் ஏறி, திருமங்கலத்தில் இறங்கி மினி பஸ் பிடிக்க வேண்டும். அங்குள்ள பெண்கள், "புள்ளத்தாச்சி இப்பிடி வெயில்ல வரலாமா தாயி" என்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் அங்கே ஓர் அடக்க ஆராதனை. அந்தச் சபையின் ஆயர் ஐயா போனில் கூப்பிட்டு, "நீங்க வர வேண்டாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அடக்க ஆராதனையில் கூட நிற்பதும் என் பயிற்சிதானே? ஆண் மாணவனிடம் இப்படிச் சொல்வாரா? நாளைக்கு நான் ஆயராகி இரண்டாவது குழந்தை உண்டானால், பத்து மாதத்துக்குச் சபையில் யாரும் சாகக் கூடாதா? (அது பிறந்து சில நாளே ஆன குழந்தையின் அடக்கம். போன் வந்ததும் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.) மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பிரசங்கிக்க வேண்டிய ஐயாவே அதற்கு இடம் கொடுத்தால், சபை மக்களை என்ன சொல்வது? அப்போதிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நம் திருச்சபையில் 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பேராயராக அபிஷேகம் பெற்றார். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பெண் இறையியல் மாணவியைக் கண்டால் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது வயிறுதான். அத்தைக்கும் அப்படித்தான், வகுப்புக்கும் அப்படித்தான், ஐயாவுக்கும் அப்படித்தான்.

தூக்கமும் சரியாக இல்லை. கொசுத் தொல்லை. இரண்டு மணி, மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் குழந்தை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். காலையில் எபிரேய வகுப்பில் கண் சொருகுகிறது.

கர்ப்பிணி கேத வீட்டுக்குப் போகக் கூடாது என்பது மூடநம்பிக்கைதானே? ஐயாவைப் பற்றிக் கல்லூரியில் எழுத்தில் புகார் கொடுக்கலாமா? அத்தையை எப்படிச் சமாளிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை


அன்பு மகளே,

உங்கள் கடிதத்தில் பல வழக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என்னிடம் தீர்ப்பு கேட்கிறீர்கள். வகுப்புப் பையனின் கேலி தவறு, அதை அவனிடமே நேராகச் சொல்லலாம். ஜெபப்புத்தகச் சண்டை உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும், விடுங்கள். நான் நின்றுவிட்ட இடம் வேறு. அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதி, "அது வேறு விஷயம்" என்று தாண்டிப் போய்விட்டீர்களே, அந்த இடம்.

எனக்கு அது வேறு விஷயமாகத் தெரியவில்லை. பிறந்து சில நாளே ஆன பிள்ளையை இழந்த வீடு. அங்கே வர வேண்டாம் என்று கேட்டதும் ஆறு மாத வயிற்றுக்காரிக்கு மூச்சு வந்தது. உலகத்தில் எந்தத் தாய்க்கும் வரும். ஆனால் உங்களுக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. "அழைப்புப் பெற்றவளுக்கு இப்படி ஒரு பயமா" என்று உள்ளே ஒரு குரல் கேட்டிருக்கிறது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல முடியாமல், போன் செய்த மனிதர் மேல் கோபப்பட்டுவிட்டீர்கள். ஐயா மேல் உள்ள கோபத்தில் பாதி உங்கள் மேலேயே வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சொன்னதாக நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: "நீங்க வர வேண்டாம்மா, நான் பாத்துக்கிறேன்." இதில் தீட்டு இல்லை, காற்று கருப்பு இல்லை, கண்ணேறு இல்லை. மூடநம்பிக்கையை அவர் வாயில் வைத்தது நீங்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டு முடிவு செய்திருக்கலாம் என்பது உண்மை, அது அவர் பக்கத்துக் குறை. அதைப் புகாராக எழுதும் அளவுக்கு நான் பார்க்கவில்லை. நேரில் போய்க் கேளுங்கள்.

கர்ப்பிணி துக்க வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன். அந்தக் குழந்தையின் தாயைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? பால் கட்டிய மார்போடு, பிள்ளையில்லாமல் உட்கார்ந்திருப்பவள். அவள் கண்ணுக்கு முன்னால் நிறை வயிற்றோடு நீங்கள் அங்கி போட்டு நின்றிருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஐயா ஒருவேளை உங்களை மட்டும் நினைத்திருக்கலாம், அவளையும் சேர்த்து நினைத்திருக்கலாம். நீங்கள் உங்கள் உரிமையை மட்டும் நினைத்தீர்கள். எல்லாரும் என் வயிற்றையே பார்க்கிறார்கள் என்று வருந்துகிறீர்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் உங்கள் வயிறு என்ன சொல்லும் என்பதை நீங்கள்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். ஆயராகப் போகிறவர் நீங்கள் என்பதால் இதை மென்று விழுங்காமல் சொல்கிறேன்.

இனி பயத்துக்கு வருவோம். கொசு கடித்து முழிப்பு வந்தவர் கொசுவை அடித்துவிட்டுத் தூங்கிவிடுவார். நீங்கள் அசைவு பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 13; இந்தியா முழுவதற்கும் அது 28. உங்கள் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வளரும் என்று நம்ப எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறிய எண்ணில் ஒரு குழந்தையின் வீடு உங்கள் களப்பணிச் சபையிலேயே இருக்கிறது. அந்தத் தாயின் முகம் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எண்களால் உங்கள் ராத்திரி தீராது.

விசுவாசம் இருந்தால் பயம் இருக்காது என்று கன்வென்ஷன் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். உங்கள் ஜெபப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. நான் இறையியல் படித்தவள் அல்ல, ஆனால் லித்தானியாவை, ஜெபப்புத்தகத்தில் உள்ள அந்த நீண்ட மன்றாட்டு ஜெபத்தை, கேட்டு வளர்ந்தவள். அதில் பயணம் போகிறவர்களையும், பிரசவ வேதனைப்படுகிற பெண்களையும், நோயாளிகளையும், சிறு குழந்தைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துக் காப்பாற்றும்படி கேட்கிறோம். எத்தனை முறை நீங்களே முன்நின்று சொல்லியிருப்பீர்கள்! 1662-ஆம் ஆண்டின் பொதுஜெபப் புத்தகத்தில், பிள்ளை பெற்ற பெண் ஆலயத்துக்கு வந்து ஸ்தோத்திரம் செலுத்தும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. பிரசவம் என்பது பெரிய ஆபத்து என்று அது தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அதில் வாசிக்கக் கொடுத்திருக்கும் 116-ஆம் சங்கீதம் மரணக் கட்டுகள் சுற்றிக்கொண்டதைப் பேசுகிறது. உங்களுக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இந்தப் பயத்தோடுதான் அந்த வாசலுக்கு வந்திருக்கிறார்கள். சபை அவர்களைப் பார்த்து உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை, பயத்தை அப்படியே ஜெபத்துக்குள் எடுத்துக்கொண்டது. நீங்களோ உங்கள் பயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடுகிறீர்கள்.

பிரசங்கத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரியாளின் உறவுக்காரி எலிசபெத்து கர்ப்பமானதும் ஐந்து மாதம் வெளியே வரவில்லை. அவள் அழைப்பைக் கைவிட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. மரியாள் தூதன் சொன்னதைக் கேட்டுக் கலங்கினாள்; பிறகு அவசரமாகக் கிளம்பிப் போனது வயதில் மூத்த அந்த எலிசபெத்தின் வீட்டுக்கு. ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே இருந்தாள். அந்த வீட்டில் வைத்துத்தான் அந்தப் பாட்டையே பாடினாள். நீங்கள் கிரேக்கத்தில் குறிப்பெடுத்திருக்கும் பகுதி, உங்கள் பழங்காநத்தம் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. லைட்டை அணைக்க வருகிற அத்தை உங்கள் படிப்பின் எதிரி அல்ல. உங்களைப் போலவே அவரும் பயந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு அதைச் சொல்லத் தெரிந்த வழி "எந்திரி, வயித்துல அழுத்தும்" என்பதுதான். (வலிக்காதவரை முழங்கால் போடுவதில் தவறில்லை. ஆனால் பத்து மணிக்குத் தூங்க வேண்டும் என்பதில் நான் அத்தை பக்கம்.) அவரிடம் ஒருநாள், "அத்தை, எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கணவரிடமும் சொல்லுங்கள். ஓசூரில் இருக்கும் மனிதருக்கு நீங்கள் இதுவரை பரீட்சையைப் பற்றியும் ஐயாவைப் பற்றியும் மட்டுமே சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். அடுத்த செக்கப்பில் ராத்திரி முழிப்பைப் பற்றி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்ப காலத்துப் பதற்றம் சாதாரணமாக வருவது, அதற்கு உதவி உண்டு. அவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போங்கள். அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்ற ராத்திரிகளில் எண்ணிக்கொண்டு கிடப்பதற்குப் பதிலாக அத்தையை எழுப்புங்கள். வருகைப் பதிவுக்கு, டாக்டர் சான்றிதழை வைத்து முதல்வருக்கு இப்போதே கடிதம் கொடுத்துவிடுங்கள். வாய்ப் பேச்சை நம்பி இருக்க வேண்டாம்.

அந்தத் தாயைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். இப்போது நேராகப் போய் நிற்காதீர்கள். ஐயா வீட்டு அம்மா மூலம் கேட்டு அனுப்புங்கள். வரச் சொன்னால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் அவள் பதில்தான். அவளுக்காக வீட்டிலிருந்தே லித்தானியாவைச் சொல்லுங்கள்.

வளைகாப்பைத் தள்ளிப்போடுவது பரீட்சைக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் வளையல் ஏறிவிட்டால் பிள்ளை வரப்போவது உறுதியாகிவிடும், உறுதியானதைத்தானே இழக்க முடியும் என்று மனசு கணக்குப் போடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அத்தைக்கு ஒரு தேதி கொடுங்கள். பரீட்சைகளுக்கு நடுவே ஒரு சனிக்கிழமை கிடைக்காமல் போகாது. உங்கள் அம்மா சோறு கட்டிக்கொண்டு வரட்டும், ஐயாவையும் குடும்பத்தோடு அழையுங்கள்.