கீமோ தேதி குடுத்துட்டாங்க, ஆபீஸ்ல எவ்ளோ லீவ் சொல்றது?

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே கவலைதான், கேன்சருக்கு கீமோ மருந்து ஏத்துற வைத்தியம் ஆரம்பிக்கப் போகுது, வேலையையும் விட முடியாது, வீட்ல என்ன ஏற்பாடு பண்றதுன்னு. பல வருஷமா கீமோ வார்டுல நர்ஸா இருக்கேன், அங்க பாத்ததை வெச்சு சொல்றேன், உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அதைத்தான் கேக்கணும்.

மார்பகத்துல கேன்சர், 21 நாளைக்கு ஒருக்கா கீமோ. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். எத்தனை நாள் லீவ் கேக்கலாம்?

மொத்தமா கேக்காதீங்கம்மா, முதல்ல காலண்டரை எடுங்க. மருந்து ஏத்துற அன்னிக்கு நல்லாத்தான் வீடு வந்து சேருவீங்க, நிறைய பேருக்கு மூணாவது நாலாவது நாள்தான் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், அதனால வெள்ளிக்கிழமை ஏத்த டாக்டர் ஒத்துக்கிட்டா அந்தக் கஷ்டத்துல பாதி சனி ஞாயிறுலயே போயிடும். 7லேர்ந்து 14ஆம் நாள் வரைக்கும், கிருமியை எதிர்க்கற வெள்ளை அணு ரத்தத்துல இறங்குற நேரம். உடம்பு தெம்பா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, அப்போ பஸ் கூட்டம், கல்யாண மண்டபம் எல்லாம் வேண்டாம், முடிஞ்சா அந்த வாரம் வீட்லேர்ந்தே வேலை பாருங்க. மூணாவது வாரம் ஆபீஸ் போலாம். முதல் சைக்கிளுக்கு, அதாவது முதல் தடவை மருந்து ஏத்துற அந்த 21 நாளுக்கு மட்டும் கூட நாலு நாள் லீவ் சேத்து போட்டு வைங்க, உங்க உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு அப்பதான் தெரியும்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கிடுங்க. 100.4 டிகிரி தொட்டா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். எங்க வார்டுல ஒரு அக்கா, மாசக் கடைசி கணக்கு முடிக்கணும்னு காய்ச்சல் மாத்திரையை போட்டுட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்துட்டாங்க, மறுநாள் சாயங்காலம் நேரா ஐசியூ.

என் மனைவிக்கு அடுத்த வாரம் கீமோ. "எது வேணும்னாலும் கேளு"ன்னு எல்லா சொந்தமும் சொல்றாங்க, யார்கிட்ட என்ன கேக்குறது?

அவங்களுக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல சார், அதான் அப்படி சொல்றாங்க, நீங்கதான் பிரிச்சுக் குடுக்கணும். தம்பிக்கு ராத்திரி அவசரத்துக்கு கார், அண்ணிக்கு பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றது, அம்மாவுக்கு சமையல்னு பேர் போட்டு சொல்லிடுங்க. ஒரு நீள நோட்டு போடுங்க, பிளட் ரிப்போர்ட், மாத்திரை, எத்தனை தடவை வாந்தி, எல்லாம் அதுல. நோட்டு யார் கைல இருக்கோ அவர் மட்டும் டாக்டர்கிட்ட பேசணும், நாலு பேர் நாலு விதமா கேட்டுட்டு வந்து வராண்டாவுல சண்டை போட்டதை எல்லாம் பாத்திருக்கேன். இருமல் சளி இருக்கறவங்க போன்லயே நலம் விசாரிக்கட்டும். அப்புறம் அந்த ஜூஸ் விஷயம். ஒரு சித்தி முந்தானைக்குள்ள டம்ளரை மறைச்சு முள்ளுசீத்தா இலைச் சாறு கொண்டு வந்தாங்க, கீமோ ஓடிட்டு இருக்கும்போதே குடுக்க! டாக்டரைக் கேக்காம எந்தச் சாறும் வேண்டாம்.

அப்பா மில்லுல வேலை, இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இருக்கு. வேலையை விட்டுடலாமான்னு கேக்குறார்.

ராஜினாமா மட்டும் எழுதிடாதீங்க. சாதாரண நோய்க்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம், கேன்சர்னா அதுக்கு மேலயும் 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருஷம் வரைக்கும் நீட்டிப்பாங்க. இந்த 80 சதவீதத்துக்கு ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கணும், சந்தா நாள் கணக்கும் சரியா இருக்கணும். முதல் நாள்லேர்ந்தே இ.எஸ்.ஐ டாக்டர் சர்டிபிகேட் விட்டுப் போகாம வாங்குங்க.

அம்மா மார்க்கெட்ல மீன் விக்குறாங்க. குடல் கேன்சருக்கு ஆக்சாலிபிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து போடப் போறாங்க. கடைக்குப் போலாமா?

போலாம், ஆனா ஐஸ்ல கை வைக்கக் கூடாது. அந்த மருந்து ஏறின சில நாளைக்கு சில்லுன்னு எதைத் தொட்டாலும் ஷாக் அடிச்ச மாதிரி விரல் எல்லாம் சுரீர்னும், ஐஸ் வாட்டர் குடிச்சா தொண்டையை இறுக்கிப் பிடிக்கும். அருவாமனையும் வேண்டாம், வெள்ளை அணு கம்மியா இருக்கறப்ப சின்ன வெட்டு கூட பெருசாயிடும். மீனை எடுத்து வெட்டறது வேற ஆள், அம்மா கல்லாவுல உக்காந்து காசு வாங்கிப் போடட்டும்.

சின்னக் குழந்தை இருக்கு, கீமோ போட்டுட்டு வந்து தூக்கலாமா?

தாராளமா, கேன்சர் ஒட்டிக்காது. ஆனா உடம்புலேர்ந்து வெளிய வர்ற மருந்து மத்தவங்க மேல படக் கூடாது, அதனால மருந்து ஏறின 48 மணி நேரம் டாய்லெட் போற ஒவ்வொரு தடவையும் ரெண்டு முறை ஃப்ளஷ் பண்ணுங்க, வாந்தியைத் துடைக்கறவங்க கிளவுஸ் போட்டுக்கணும்.

ஊர்லேர்ந்து சென்னைக்கு ரயில்ல வரணும், சலுகை உண்டா?

உண்டு. ஸ்லீப்பர், மூணாவது ஏசில நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரி சர்டிபிகேட்ல சீல் இருக்கான்னு பாத்து வாங்குங்க, சீல் இல்லாம கவுண்டர்லேர்ந்து திரும்பி வந்தவங்க நிறைய.